இருப்பு வைக்க முடியாத சரக்கு



துவரம்பருப்பு விலை ஏறும் என்று தோன்றினால் 50 மூட்டை கூடுதலாக வாங்கிக் குடோனில் அடுக்கி வைக்கிறோம். மல்லி வரத்து அதிகமானால் விலை இறங்கும்போது பிடித்து வைக்கிறோம். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் முன்பணம் கட்டி விடுகிறோம். இருப்பு என்ற ஒன்று இருப்பதால்தான் நம் தொழிலே நடக்கிறது. இன்று விளைந்ததை இன்றே விற்றாக வேண்டும், நாளைக்கு வேண்டியதை நாளைக்கே விளைவிக்க வேண்டும் என்றால், நம்மில் ஒருவராவது கடை திறந்து வைத்திருக்க முடியுமா?

அப்படி ஒரு சரக்கு நம் கடையிலும் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் மின்சாரம். அதை எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்பது எவ்வளவு வாங்குகிறோம் என்பதைப் போலவே முக்கியம். அந்தப் பாடத்தை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2024 கோடையில், நம் கடைவீதியில் ஒரு சில்லறை வியாபாரிக்கு நேர்ந்த நஷ்டத்தில் இருந்து தெரிந்துகொண்டோம். அதில் நம் பங்கும் இருந்தது என்பதால் இதை எழுதுகிறோம்.

ஒரு பாக்கியின் கதை

நமது கடைவீதி தென் மாவட்டத்து நடுத்தர ஊர் ஒன்றில் உள்ள பழைய வீதி. கீழே கடைகள், மேலே வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து வீதிக் கோடியில் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். அந்த மே மாதம் வெயில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை அவ்வளவு உயர்ந்ததே இல்லை.

அந்த நாட்களில் இரவு 7.30 மணி ஆனால் வீதியில் விளக்குகள் மங்கும். மின்விசிறி சோம்பிச் சுற்றும். 8 மணி சுமாருக்கு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகும். ஊழியர் வந்து போட்டுவிட்டுப் போவார். அரை மணியில் மறுபடியும் போகும். கல்லாவில் கூட்டம் நிற்கும் நேரம். நமக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

வீதியின் கடைசியில் நம்மிடம் சரக்கு எடுக்கும் தம்பி ஒருவர் சிறு மளிகைக் கடை வைத்திருக்கிறார். பால், தயிர், ஐஸ்கிரீம் விற்கலாம் என்று கடன் வாங்கி ஒரு பிரீசர் போட்டிருந்தார். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தவறாமல் பாக்கியைக் கட்டிவிடுகிறவர். அந்த வாரம் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இந்த வாரம் கணக்கு முடிக்க முடியாது போலிருக்கு. பிரீசர் கம்ப்ரஸர் எரிஞ்சு போச்சு. உள்ளே இருந்த சரக்கும் போச்சு" என்றார்.

முதலில் நாமும் எல்லோரையும் போல மின்சாரத் துறையைத்தான் திட்டினோம். மறுநாள் பியூஸ் போட வந்த வயதான லைன்மேனிடம் நம் கோபத்தைக் காட்டினோம். அவர் பதில் பேசாமல் வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தார். "அண்ணாச்சி, இந்த டிரான்ஸ்பார்மர் 100 கே.வி.ஏ. அது தாங்கும் அளவு ஏறக்குறைய 90 கிலோவாட். இப்போ மணி எட்டு. வீதியில் என்னென்ன ஓடுதுன்னு நீங்களே ஒரு நடை நடந்து எண்ணிப் பாருங்க. பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதியிருக்கோம், வரும்போது வரும். அதுவரைக்கும் நான் பியூஸ் போடுவேன், நீங்க எரிப்பீங்க" என்றார்.

சுருக்கென்று இருந்தது. ஆனால் எண்ணிப் பார்ப்பது நம் தொழில் அல்லவா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடைப்பையனுடன் கிளம்பினோம்.

வீதியின் பேரேடு

மொத்தம் 14 கடைகள், 22 வீடுகள். இரவு 8 மணிக்கு ஓடியவற்றைச் சுமாராக எழுதினோம்.

மாவு மில் மோட்டார் 10 எச்.பி., அதாவது ஏழரை கிலோவாட். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் 2. இட்லி மாவுக் கடையின் இரண்டு பெரிய கிரைண்டர்கள் 3. தண்ணீர் மோட்டார்கள் 16, ஒவ்வொன்றும் 1 எச்.பி., ஆக 12. இஸ்திரிப் பெட்டிகள் 10, ஆக 10. இண்டக்‌ஷன் அடுப்புகள் 6, ஆக 12. குளிர்சாதனங்கள் 18, ஆக 27. கடைகளின் பிரீசர், பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து மூன்றரைக்கு மேல். விளக்கு, மின்விசிறி, டி.வி. என்று 36 இடத்திலும் சேர்த்து 18. கூட்டினால் 95 கிலோவாட்.

90 தாங்கும் இடத்தில் 95. மோட்டார் கிளம்பும் நொடியில் அது தன் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பியூஸ் போகாமல் என்ன செய்யும்?

அந்தப் பட்டியலில் நம்மைக் குத்தியது ஒரு வரி. 16 தண்ணீர் மோட்டார்களில் இரண்டு நம்முடையவை. ஒன்று கடைக் கட்டடத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. கடையில் சரக்கு இறக்கி முடித்துக் கைகால் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று ஏழரை மணிக்குப் போடுவது பல வருட வழக்கம். வீட்டிலும் அதே நேரம். பகலில் போட்டால் ஆகாதா என்று ஒரு நாளும் நாம் யோசித்ததில்லை.

மின்னழுத்தம் இறங்கினால் விளக்கு மங்கும், அவ்வளவுதான். மோட்டார் அப்படி அல்ல. பாரத்தை இழுத்தாக வேண்டிய மோட்டார், அழுத்தம் குறையும்போது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் திணறித் திணறிக் கடைசியில் எரிந்தே போகும். அந்தத் தம்பியின் கம்ப்ரஸர் எரிந்தது வெறும் விதியால் அல்ல. வீதியில் இருந்த 36 பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எரித்திருக்கிறோம்.

தராசு முள்ளும் 50-உம்

ஒரு வீதிக்கு உள்ள கணக்குதான் ஒரு மாநிலத்துக்கும், நாட்டுக்கும்.

மின்சாரத்தை மூட்டை கட்டி அடுக்க முடியாது. மின்கலத்தில் சேமிக்கலாம் என்றாலும், நாடு முழுதும் எரிப்பதோடு ஒப்பிட்டால் அப்படிச் சேமிப்பது இன்றும் சிறு அளவே. எனவே ஒவ்வொரு நொடியும் எவ்வளவு எரிகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். இதைக் காட்டும் தராசு முள் ஒன்று உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் ஓடுகிறது. எரிப்பது உற்பத்தியை மிஞ்சினால் முள் 50-க்குக் கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் மேலே ஏறும். கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்கள் இரவு பகலாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தத் தராசு சாய்ந்தால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நாடு பார்த்தது. வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்கள் இருளில் மூழ்கின. இரண்டாம் நாள் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே வருடம் நம் மாநிலத்தில், சென்னை நீங்கலான ஊர்களில், நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாமல் கடை நடத்தியதை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல் கணக்கு இன்னும் பலர் பேரேட்டில் இருக்கும்.

வீடுகளின் சுவிட்சுக்கு என்ன பெரிய பலம் என்று கேட்கலாம். 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டபோது, நாட்டின் மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. நீர்மின் நிலையங்களை வேகமாக இறக்கி, மறுபடி ஏற்றித்தான் தராசைச் சமாளித்தார்கள். இத்தனைக்கும் அணைத்தது விளக்குகளை மட்டுமே. சுவிட்சில் வைக்கும் விரல் சிறியது. ஆனால் எல்லா விரலும் ஒரே நேரத்தில் வைத்தால் அதன் பலம் சிறியதல்ல.

நம் மாநிலத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகள் உள்ளன. அதில் பத்தில் ஒரு வீடு, அதாவது 20 லட்சம் வீடுகள், இரவு 7 மணிக்குப் போடும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியை மதியத்துக்கு மாற்றினால் என்ன மிச்சம்? 1,500 மெகாவாட். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு அலகுகளும் புதிய அலகும் சேர்ந்தே 1,440 மெகாவாட்தான். ஓர் இஸ்திரிப் பெட்டியின் நேரத்தில் ஒரு மின் நிலையமே அடங்கியிருக்கிறது.

உச்ச நேரம் ஏன் விலை கூடியது?

காலையில் 5 மூட்டை கேட்கும் ஊர், மாலையில் மட்டும் 50 மூட்டை கேட்டால் நாம் என்ன செய்வோம்? அந்த நான்கு மணி நேரத்துக்காகவே பெரிய வண்டி, கூடுதல் ஆள், பெரிய குடோன் வைக்க வேண்டும். மற்ற 20 மணி நேரம் அவை சும்மா கிடக்கும். அந்தச் செலவை யார் தலையில் வைப்போம்? வாங்குகிறவர் தலையில்தான். மின்சாரத்திலும் அதேதான் நடக்கிறது.

மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தை முதலில் எடுப்பார்கள். தேவை ஏற ஏற, விலை கூடியதை எடுத்தாக வேண்டும். அதுவும் போதாதபோது மின் சந்தையில் அன்றன்றைக்கு வாங்குவார்கள். அந்தச் சந்தையில் விலை கட்டுமீறிப் போகாதிருக்க, மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வரம்பு வைத்தது. கோடை இரவுகளில் விலை அந்த வரம்பைத் தொடும். அதே நாள் நண்பகலில் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். காரணம் சூரியன். பகலில் வெயில் மின்சாரம் ஏராளமாக வருகிறது. சூரியன் மறைந்ததும் அது நின்றுவிடுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் ஊரே விளக்குப் போடுகிறது.

இதில் ஒரு மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் இரவு 10 மணிக்குப் பிறகு போடுங்கள் என்பார்கள். அப்போது அதுவே சரி. இப்போது சூரிய மின்சாரம் பெருகிவிட்டதால், காலை 10 முதல் மாலை 4 வரை உள்ள நேரமே தாராளமான நேரம். பத்து மணிக்குப் பிந்திய இரவு அதற்கு அடுத்த நிலைதான். கோடையில் குளிர்சாதனங்கள் ஓடுவதால் பல ஊர்களில் நடு இரவு வரை பாரம் குறைவதில்லை.

இருப்பு வைக்க முடியாத சரக்கு என்றோம். ஆனால் சுற்றி வளைத்து இருப்பு வைக்கும் ஒரு குடோன் நம் மாநிலத்தில் உண்டு. கோவை மாவட்டத்து ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறை. அங்கே 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்தில் உள்ள தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். தேவைப்படும் நேரத்தில் அதையே கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றும் செலவில் சுமார் கால் பங்கு போய்விடும். ஆனாலும் உச்ச நேரத்துக்கு அது லாபமே.

நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் ஒரு சின்னக் காடம்பாறைதான். மதியம் 12 மணிக்கு நிரப்பி வைத்தால் மாலையில் மோட்டார் வேண்டாம். பிரிட்ஜில் இருக்கும் அரைத்த மாவும் அப்படியே. மடித்து வைத்த இஸ்திரித் துணியும் அப்படியே. மின்சாரத்தை இருப்பு வைக்க முடியாவிட்டாலும், மின்சாரம் செய்து முடித்த வேலையை இருப்பு வைக்கலாம். இது வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டிய பாடமா?

அண்டை மாநிலத்துக் கணக்கு

நாம் இதுவரை வீட்டுக்குக் கட்டி வருவது யூனிட் கணக்கு. எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி, எந்த மணிக்கு என்பது அல்ல. ஆகவே நேரத்தை மாற்றினால் இன்றே பில் குறைந்துவிடும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டோம்.

ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி, 10 கிலோவாட்டுக்கு மேல் தேவை உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், விவசாயம் நீங்கலாக மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதலும் நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறை வர வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியதும் அது செயலுக்கு வரும். சூரிய ஒளி உள்ள எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் சாதாரணத்தைவிட 20 விழுக்காடாவது குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் வணிகத்துக்கு 20 விழுக்காடாவது, மற்றவர்களுக்கு 10 விழுக்காடாவது கூடுதலாக இருக்க வேண்டும். எந்த மணி உச்ச மணி, எவ்வளவு கட்டணம் என்பதை அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும்.

கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்கு 2025 ஜனவரியில் இந்த முறை வந்தது. காலை 6 முதல் மாலை 6 வரை 10 விழுக்காடு குறைவு. மாலை 6 முதல் இரவு 10 வரை 25 விழுக்காடு கூடுதல். இரவு 10 முதல் காலை 6 வரை சாதாரண விலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீடு மாதம் 300 யூனிட் எரிக்கிறது. பகலில் 120, மாலையில் 120, இரவில் 60. விலைக் கணக்கில் பகல் 108 யூனிட்டுக்குச் சமம், மாலை 150-க்குச் சமம், இரவு 60. மொத்தம் 318. அதாவது 300 எரித்து 318-க்குக் காசு கட்டுகிறோம். மாலையில் எரிவதில் 50 யூனிட்டைப் பகலுக்கு மாற்றினால்? பகல் 170 என்பது 153, மாலை 70 என்பது 87.50, இரவு 60. மொத்தம் 300.50. யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 122 ரூபாய் 50 காசு மிச்சம். ஒரு யூனிட்டைக்கூடக் குறைக்கவில்லை, நேரத்தை மட்டுமே மாற்றினோம்.

"மாமா, நான் பகலில் வீட்டிலா இருக்கிறேன்?"

வீதிப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இனி மாலையில் மோட்டார் கிடையாது, கிரைண்டர் கிடையாது, இஸ்திரி கிடையாது என்று உத்தரவு போட்டோம். மருமகள் வேலைக்குப் போகிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, நான் பகலில் வீட்டிலா இருக்கிறேன்? ஆறரைக்கு வந்துதான் மறுநாள் இட்லிக்கு அரைக்கணும். பத்து மணிக்கு மேல அரைன்னா நான் எப்போ தூங்குறது?" என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. நியாயம் அவர் பக்கம். உச்ச நேரத்தைத் தவிருங்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். அந்தப் பாரம் வீட்டில் யார் தோளில் விழுகிறது என்று பார்க்காமல் பேசினால் அது வெறும் பேச்சாகவே போகும்.

கடைசியில் மாற வேண்டியவர் நாமே என்று ஆயிற்று. மதியம் 2 முதல் 4 வரை கடையில் நமக்கு வேலை குறைவு, மகன் பார்த்துக்கொள்வார். காலையில் மருமகள் ஊறப் போட்டுவிட்டுப் போகும் அரிசியையும் உளுந்தையும் அந்த நேரத்தில் கிரைண்டரில் போடுவது நம் பொறுப்பு. முதல் வாரம் உளுந்தில் தண்ணீர் கூடிப்போய் இட்லி தட்டையாக வந்தது. எங்கள் வீட்டம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இப்போது பழகிவிட்டது. இஸ்திரி ஞாயிறு மதியம் ஒரே தடவையில், வாரத்துக்கும் சேர்த்து. தண்ணீர் மோட்டாருக்கு ஒரு டைமர் சுவிட்ச் போட்டோம். மதியம் தானே ஓடித் தானே நிற்கிறது. நகராட்சித் தண்ணீர் மாலையில் வந்தால் அது கீழ்த்தொட்டியில் இறங்கிக்கொள்ளும், மறுநாள் மதியம் மேலே ஏறும்.

வீதி ஒப்பந்தம்

வீட்டில் செய்ததைச் சொல்லித்தான் வீதியில் பேச முடிந்தது. ஒரு ஞாயிறு மாலை எல்லோரையும் நம் கடைத் திண்ணைக்கு அழைத்து நோட்டைப் படித்துக் காட்டினோம். யார் பெயரையும் குற்றமாகப் படிக்கவில்லை. நம் இரண்டு மோட்டாரைத்தான் முதலில் படித்தோம்.

மாவு மில்காரர் மாலை 5 மணிக்குள் அரைத்து முடிக்க ஒப்புக்கொண்டார். மாலையில் வருகிற மிளகாய், மல்லியை வாங்கி வைத்து மறுநாள் காலை அரைத்துத் தருவார். சில வாடிக்கை போய்விடுமோ என்று பயந்தார். அதற்காக, சுற்றியுள்ள கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் காலையிலேயே கொடுக்கச் சொல்லிவிட்டோம். மாவுக்கடை அம்மா மதியமே அரைத்து மாலைக்குள் பாக்கெட் போட்டுவிடுகிறார். காப்பிக்கொட்டையை மதியம் அரைத்து வைத்தால் மணம் போய்விடும் என்று கடைக்காரர் மறுத்தார். அதுவும் நியாயமே. 2 கிலோவாட்தானே என்று விட்டுவிட்டோம். குளிர்சாதனத்தை நிறுத்தச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீடுகள் அவை.

95-இல் இருந்து மில், கிரைண்டர், மோட்டார், இஸ்திரி ஆகியவை போக 63 ஆயிற்று. பியூஸ் போவது நின்றது. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டோம். ஜூன் மாதம் ஒரு கலியாண வீட்டுச் சீரியல் விளக்கில் ஒரு நாள் போயிற்று. சில வீடுகள் மறந்துபோய் மோட்டார் போடுவதும் உண்டு. ஆனால் 8 மணிக்கு மின்விசிறி வேகமாகச் சுற்றுவதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு பேச்சு தேவைப்படவில்லை.

பிரீசர் எரிந்த தம்பிக்கு, அந்தப் பாக்கியை வட்டியில்லாமல் ஆறு மாதத்தில் கட்டும்படி சொன்னோம். இதைத் தர்மம் என்று எழுதவில்லை. நம் மோட்டாரின் பங்கு அதில் இருந்தது, ஆகவே இது கணக்கு. அவர் ஐந்தாம் மாதமே கட்டி முடித்துவிட்டார்.

வணிகர்கள் செய்ய வேண்டியவை

நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உச்ச நேரம் என்பதே நம் வியாபார நேரம். மாலை 6 முதல் 10 வரை கடையை மூடிவிட்டு மின்சாரத்தைச் சேமிக்க முடியுமா? முடியாது. ஆகவே விளக்கைத் தொட வேண்டாம், மோட்டாரைத் தொடுவோம். வாடிக்கையாளர் முன்னால் அந்த நேரத்தில் நடந்தாக வேண்டியது எது, காத்திருக்கக்கூடியது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று: அரைப்பது, தண்ணீர் ஏற்றுவது, சூடாக்குவது எல்லாம் பகலில் முடியட்டும்.

இரண்டு: பிரீசரில் புதுச் சரக்கை மாலையில் அடுக்காதீர்கள். காலையில் அடுக்கினால் மாலைக்குள் குளிர்ந்துவிடும். கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். மின்னழுத்தம் இறங்கும் இடமானால் ஸ்டெபிலைசர் இல்லாமல் பிரீசர் ஓட்டாதீர்கள்.

மூன்று: பழைய குழல்விளக்கு சோக்குடன் 40 வாட்டுக்கு மேல் எரிக்கும். எல்.இ.டி. குழல்விளக்கு 20 வாட் சுமாரில் அதே வெளிச்சம் தரும். பழைய மின்விசிறி 75 வாட், புதுவகை பி.எல்.டி.சி. விசிறி அதில் பாதிக்கும் குறைவு. இவை உச்ச நேரத்திலும் ஓடியாக வேண்டியவை. ஆகவே இங்கே நேரத்தை அல்ல, பொருளை மாற்ற வேண்டும்.

நான்கு: உங்கள் இணைப்பு எத்தனை கிலோவாட் என்று மின் அட்டையிலோ பில்லிலோ பார்த்து எழுதி வையுங்கள். 10 கிலோவாட்டுக்கு மேலா, கீழா என்பது இனி முக்கியமான எண்.

ஐந்து: கட்டண மாற்றம் வரும்போது ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். அப்போது நம் சங்கம் வெறும் எதிர்ப்பு மனுவோடு போகக் கூடாது. சில்லறைக் கடைகளின் விற்பனை நேரம் எது, அந்நேரத்தில் மாற்ற முடியாத மின்தேவை எவ்வளவு, மாற்றக்கூடியது எவ்வளவு என்று ஒவ்வொரு வீதியும் ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டு போனால், நம் பேச்சுக்கு எடை இருக்கும். மாற்ற முடிந்ததை மாற்றிக் காட்டியவர்களுக்குத்தான், மாற்ற முடியாததற்குச் சலுகை கேட்கும் உரிமை பலமாக இருக்கும்.

எந்த ஊரிலும் இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மாலை நேர நடை போதும். இரவு 8 மணிக்கு உங்கள் வீதியில் ஒரு நடை நடந்து பாருங்கள். என்னென்ன ஓடுகிறது என்று எழுதுங்கள். முதல் வரியில் உங்கள் வீட்டை எழுதுங்கள். மற்றவை தானே நடக்கும்.

வாழ்க வணிகம்!